தனியாகப் போகலாம், யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சில வருடங்களாகக் குழுக்களோடு மலையேறி வருகிறேன். குழுவில் போனால் பேச்சும் பாட்டும் போட்டோவுமாகவே நாள் போய்விடுகிறது. மலையைப் பார்த்த மாதிரியே இல்லை. இனித் தனியாகப் போக ஆசை. வருகிற பிப்ரவரியில் வெள்ளியங்கிரி, அக்டோபரில் உத்தராகண்டில் துங்கநாத், சந்திரசிலா. நடுவில் நீலகிரிப் பக்கம் ஒரு காட்டுப் பாதையின் ஜிபிஎஸ் தடத்தை நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அனுமதியெல்லாம் வேண்டாம், அங்கே யாரும் வர மாட்டார்கள் என்கிறார். அம்மா ஒரேயடியாகப் போகாதே என்கிறார். தனியாகப் போவது தவறா? என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

— கோவை வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தவறே இல்லை. நீங்கள் சொல்லும் காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதும், காட்டில் அடிபட்டால் முதலுதவி செய்வது எப்படி என்று கற்றுக்கொடுப்பதும்தான் என் தொழில். அப்படியிருந்தும் எனக்கென்று போகும்போது பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். என்ன வாங்குவது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

குழுவில் போகும்போது ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் என்ன நடக்கும்? ஒருவர் பக்கத்தில் உட்காருவார், ஒருவர் பையை வாங்கிக்கொள்வார், இன்னொருவர் கீழே போய் ஆள் கூட்டி வருவார். மாலைக்குள் வீடு வந்து சேரலாம். அதே பிசகு தனியாக இருக்கும்போது வந்தால் அன்றைய இரவு காட்டில்தான். காயம் அதேதான், ஆனால் அதன் விளைவு வேறு. கூட ஒருவர் இருந்தால் நமக்கே தெரியாமல் மூன்று வேலைகளைச் செய்கிறார். நாம் காணாமல் போனால் அவருக்குத் தெரியும். ‘போதும்ப்பா, திரும்பலாம்’ என்று சொல்வார். நம் முகமோ நடையோ சரியில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவார். அவர் இல்லாமல் போவதென்றால் இந்த மூன்றுக்கும் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்தாக வேண்டும். அதில் முதலாவதுதான் உயிர் காப்பது.

பாலக்காடு பக்கம் மலம்புழாவில் 2022 பிப்ரவரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நண்பர்களோடு ஏறப்போன ஒரு இளைஞர், மற்றவர்கள் பாதியில் விட்டபிறகும் மேலே போய், சறுக்கி, செங்குத்துப் பாறையின் ஒரு இடுக்கில் சிக்கிக்கொண்டார். தண்ணீர் இல்லை, காலில் அடி. ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. இரண்டு இரவுகள் கழித்து ராணுவ வீரர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கி மீட்டார்கள். அவ்வளவு பெரிய மீட்பு நடந்ததற்குக் காரணம், அவர் எங்கே இருக்கிறார் என்று கீழே இருந்தவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. கையில் வேலை செய்யும் ஃபோன் இருந்தது. இதே சறுக்கல், சிக்னல் இல்லாத சரிவில், யாரிடமும் சொல்லாமல் போன ஒருவருக்கு நேர்ந்திருந்தால்? தேட வேண்டும் என்று யாருக்காவது தோன்றுவதற்கே இரண்டு நாள் ஆகியிருக்கும்.

ஆகவே ஒரு தாள் எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி, ஆனால் ஒரே செய்தியில் எல்லாம் இருக்க வேண்டும். எங்கே ஏறுகிறீர்கள், எந்த வழியாக, எங்கே இறங்குகிறீர்கள். வண்டி எண், அதை நிறுத்தும் இடம். சட்டை, பை, மழைக்கோட்டு ஆகியவற்றின் நிறம். உங்கள் ஃபோன் எண்கள், எந்த நிறுவனத்தின் சிம். ஆஸ்துமா, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை. அந்தப் பகுதிக் காவல் நிலையம், வனச்சரக அலுவலகம் இரண்டின் எண்கள். கூடவே உங்கள் ஷூவின் அடிப்பாகத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தேடிப் போகிறவர்களுக்குச் சேற்றில் பார்க்கும் தடம் உங்களுடையதா இல்லையா என்று சொல்ல அந்தப் படம் போதும்.

தாளில் முக்கியமானவை இரண்டு நேரங்கள். ஒன்று, நீங்கள் கீழே இறங்கிச் செய்தி அனுப்பும் நேரம். இன்னொன்று, அந்தச் செய்தி வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டிய நேரம். இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள். மெதுவாக இறங்குவது, சார்ஜ் தீர்வது, பஸ்ஸில் தூங்கிப்போவது எல்லாம் அந்த மூன்று மணிக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் தாளை வைத்திருப்பவர் யோசிக்கவே கூடாது: 112-ஐ அழைக்க வேண்டும், வனச்சரக அலுவலகத்தை அழைக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம், வந்துவிடுவான்’ என்று சொல்லும் ஆளிடம் தாளைக் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாமதமானாலே ஊரைக் கூட்டும் ஆளும் வேண்டாம். சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிற ஒருவர் வேண்டும். அக்காவோ, கூட வேலை செய்யும் நண்பரோ. கொடுத்த பிறகு வழியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் எஸ்எம்எஸ், அப்புறம்தான் நடை. வாட்ஸ்அப்பும் அழைப்பும் போகாத இடத்திலிருந்துகூட எஸ்எம்எஸ் சில நேரம் போய்ச் சேரும்.

உங்கள் நண்பர் அனுப்பிய நீலகிரித் தடத்தை அழித்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அது உங்களுக்கே தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. திருட்டுத்தனமாகப் போகிறவர் யாரிடமும் சொல்ல மாட்டார். அடிபட்டாலும், அபராதம் போடுவார்களோ, வழக்கு வருமோ என்று உதவி கேட்கத் தயங்குவார். முதல் சில மணி நேரம் அந்தத் தயக்கத்திலேயே போகும். அதற்குள் இருட்டிவிடும். ‘அங்கே யாரும் வர மாட்டார்கள்’ என்று நண்பர் சொன்னது அவருக்கு வசதியாகப் படுகிறது. எனக்கு அதுதான் பயம். யாரும் வராத பாதையில் விழுந்தால் அங்கே யாரும் வரப்போவதில்லை.

நீலகிரியில் யானை வழித்தடங்கள் எங்கே போகின்றன, எந்த மாதத்தில் எந்தப் பள்ளத்தில் நிற்கும் என்பது அங்கேயே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஜிபிஎஸ் கோட்டில் அது இருக்காது. அந்தப் பக்கம் நடந்தே ஆக வேண்டுமென்றால் வனத்துறையின் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களே வழிகாட்டிகள், பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். வழிகாட்டியோடு போவது தனிமை ஆகுமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வழிகாட்டியிடம், பேச்சு வேண்டாம், காட்டைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் இதுவரை காணாத அமைதி அது. எந்தச் செடி எப்போது ஒடிக்கப்பட்டது, எந்தச் சாணம் இன்றையது என்பதையும் கற்றுக்கொண்டு வரலாம்.

குழு என்றாலே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் குழுக்களாகப் போனவர்கள்தான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. கோடையில் போதைப்புல் காய்ந்து நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் நெருப்பு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. மனிதக் காலால் அதை முந்த முடியாது. கீழே புகை தெரிந்தால் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து வெறும் பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கரிந்த தரை எதையாவது பிடியுங்கள். அதைவிட நல்லது, தீக்காலத்தில் மூடியிருக்கும் காட்டுக்குள் போகாமலே இருப்பது.

சரி, வெள்ளியங்கிரி. உங்கள் முதல் தனி நடைக்கு நல்ல தேர்வு. மலை திறந்திருக்கும் பிப்ரவரி முதல் மே வரை அங்கே ஆள் நடமாட்டம் குறையாது. தனியாகப் போனாலும் சுற்றிலும் ஆள் இருப்பார்கள். அங்கே நீங்கள் யோசிக்க வேண்டியது விலங்கைப் பற்றி இல்லை, இதயத்தைப் பற்றி. சமீப வருடங்களில் அங்கே மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் இறந்தவர்கள் பலர். வயதானவர்கள் மட்டுமில்லை, நடுவயதுக்காரர்களும் உண்டு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, தூங்காமல், ராத்திரியே ஏறத் தொடங்குகிறார்கள். ஏழு மலைகளில் முதல் மலையின் படிக்கட்டுச் செங்குத்திலேயே மூச்சு வாங்குகிறது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்களே என்று ஓடிப் பிடிக்கிறார்கள்.

உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தனியாகப் போவதில் இருக்கும் பெரிய நன்மையே இதுதான்: உங்கள் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் நடக்கலாம். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிற வேகம் சரியான வேகம். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, பத்து நிமிடம் உட்கார்ந்தும் அடங்காத மூச்சு, இதில் எது வந்தாலும் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் போகும் முன் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மேலே காற்று பலமாக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். காய்ந்த சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். கீழே வாங்கும் மூங்கில் கம்பு ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதிகம் உதவும்.

‘திரும்பலாம்’ என்று சொல்ல ஆள் இல்லாத குறைக்கு ஒரே மருந்து கடிகாரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். அதைக் கிலோமீட்டரில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எட்டு கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணிக்குச் சற்று மேல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேர்களும் வழுக்குப் பாறைகளும் அவர் கணக்கில் இல்லை. ஆகவே நான் எப்போதும் பாதியைக் கூட்டிக்கொள்வேன்: நான்கு மணி. காலை ஏழுக்குத் தொடங்கினால் பதினொன்று. அப்படியானால் தாளில் ‘11.30, எங்கே இருந்தாலும் திரும்பணும்’ என்று எழுதுங்கள். மீதிப் பகல் முழுவதும் இறங்குவதற்கு. சோலைக்காட்டுக்குள் ஆறரை வரை வெளிச்சம் நிற்காது, ஐந்தரைக்கே மங்கிவிடும். பதினொன்றரை மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரியும். அரை மணி நேரம்தானே என்று மனம் பேரம் பேசும். களைத்த மூளை செய்யும் பேரம் அது. நேற்று இரவு வீட்டில் நிதானமாக உட்கார்ந்து எழுதியவரின் பேச்சைக் கேளுங்கள்.

ஓடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கோடை மழை மேலே எங்கோ பெய்யும். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது. தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் உடனே கரை ஏறுங்கள். தனியாக இருக்கும்போது முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் இறங்கவே கூடாது. மலை ஓடை ஏறுவது போலவே இறங்கியும் விடும். சில மணி நேரம் காத்திருங்கள், இரவே ஆனாலும் பரவாயில்லை. உங்கள் தாளில் தேடும் நேரம் இருக்கிறது.

வழி தவறினால் ‘ஓடையோடு இறங்கினால் ஊர் வரும்’ என்று பலரும் சொல்வார்கள். சமவெளியில் அது சரியாக இருக்கலாம். நம் மலைகளில் ஓடை பல இடங்களில் அருவியில்தான் போய் முடியும். கீழே குதிக்கவும் முடியாது, வழுக்கும் பாறையில் திரும்ப ஏறவும் முடியாது. பாதை தொலைந்தது என்று தோன்றினால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த இடத்துக்கு வந்த தடத்திலேயே திரும்ப முடிந்தால் திரும்புங்கள். அது நிச்சயமில்லை என்றால் நகராதீர்கள்.

2013-இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் 66 வயதுப் பெண் ஒருவர் இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகினார். திரும்பி வரப் பாதை கிடைக்கவில்லை. கணவருக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போகவே இல்லை. சிக்னலைத் தேடி மேடான இடத்துக்குப் போய்க் கூடாரம் போட்டார். மூன்று வாரத்துக்கும் மேல் உயிரோடு இருந்து குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் உடல் கிடைத்தது, அதுவும் பாதையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே. இதைப் படித்தது முதல் நான் எல்லோருக்கும் சொல்வது: ஒதுங்கப் போகும்போது கம்பையோ தொப்பியையோ பாதை நடுவில் வைத்துவிட்டு, அது கண்ணில் படும் தூரத்துக்குள்ளேயே இருங்கள். ஃபோனும் விசிலும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும், பையில் வேண்டாம்.

விலங்கு விஷயத்தில் தனி ஆளுக்கு ஒரு சிக்கல் உண்டு. குழுவின் சத்தம் கேட்டுக் கரடியும் காட்டுமாடும் விலகிப் போய்விடும். தனியாக நடப்பவர் சத்தமில்லாமல் வளைவில் திரும்பி, நேருக்கு நேர் போய் நிற்பார். திடுக்கிட்ட கரடிதான் பெரும்பாலும் தாக்குகிறது. எனவே வளைவு, புதர், ஓடை இரைச்சல் உள்ள இடங்களில் கம்பைத் தட்டுங்கள், வாய்விட்டுப் பேசுங்கள். யானையைத் தூரத்தில் பார்த்துவிட்டால் நேர் எதிர்: சத்தமே வேண்டாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வந்த வழியே பின்வாங்குங்கள். இயர்ஃபோன் வீட்டிலேயே இருக்கட்டும். பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். ஓடாமல், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு மெதுவாக நடந்து 108-ஐ அழையுங்கள். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்குத்தான் தயாரிக்கப்படுகிறது. மலைக்காட்டில் இருக்கும் மூக்கு விரியன் அதில் இல்லை. ஆகவே கடி வாங்காமல் இருப்பதுதான் வழி. உயர ஷூ போடுங்கள், பார்க்காமல் பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள்.

துங்கநாத்துக்கு வருவோம். துங்கநாத் கோயில் ஏறக்குறைய 3,680 மீட்டரில் இருக்கிறது, அதற்கு மேலே உள்ள சந்திரசிலா உச்சி 4,000 மீட்டருக்குப் பக்கத்தில். கோயில் வரை கல் பாவிய பாதை, அக்டோபரில் ஆட்கள் இருப்பார்கள். அதனால் இதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிஷிகேஷில் காலையில் வண்டி ஏறி நடை தொடங்கும் சோப்தாவில் அன்றே இறங்கி மறுநாள் விடியலில் உச்சிக்கு ஓடுவது வேண்டாம். வழியில் ஊக்கிமடத்தில் ஒரு இரவு, சோப்தாவில் ஒரு இரவு தங்குங்கள். உடம்புக்கு உயரம் பழக வேண்டும்.

நம் நடை சரியில்லை என்று கண்டுபிடிக்கும் அந்த மூன்றாவது வேலை இங்கேதான் வருகிறது. உயர நோய் மூளையைத் தொட்டால், தான் தடுமாறுவது அந்த ஆளுக்கே தெரியாது. கூட வந்தவர்தான் ‘ஏன் இப்படிக் கோணலாக நடக்கிறாய்?’ என்று கேட்பார். உங்களுக்குக் கேட்க ஆள் இல்லை. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு எது சேர்ந்தாலும் மேலே போவதில்லை, இறங்குவதுதான் என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு காலின் குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடந்து பாருங்கள். தள்ளாடினால் உடனே கீழே. வழியில் இருக்கும் டீக்கடைக்காரரிடம், ‘மேலே போகிறேன், இத்தனை மணிக்குத் திரும்பி வந்து உங்களிடம்தான் டீ குடிப்பேன்’ என்று சொல்லுங்கள். அவருக்கும் வியாபாரம், உங்களுக்கும் காவல். சூரிய உதயம் பார்க்க இருட்டில் ஏறுபவர்கள் உண்டு. அந்த மாதத்தில் கல்லில் உறைபனி படிந்து வழுக்கும். முதல் முறை பகலிலேயே போங்கள்.

இப்போது பை. தலையில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரி. பகலில் இறங்கிவிடுவேன் என்றாலும் வேண்டும். விசில், ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. தொண்டை ஒரு மணி நேரத்தில் கட்டிவிடும், விசில் கட்டாது. மூன்று லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ், ஒரு வேளைக்கு அதிகமான சாப்பாடு. மழைக்கோட்டு, பளபளக்கும் மெல்லிய அவசரப் போர்வை, கணுக்காலுக்குக் கிரேப் பேண்டேஜ், லைட்டர், பவர் பேங்க். சிக்னல் இல்லாத இடத்தில் ஃபோன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் 112 வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போகக்கூடும், முயன்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். வெளிநாட்டு யூடியூபர்கள் எல்லோரும் பரிந்துரைக்கும் கார்மின் இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அம்மாவிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள். அவர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை. தாளின் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, எந்த நேரம் வரை கவலைப்பட வேண்டாம், அதற்கு மேல் யார் என்ன செய்வார்கள் என்று உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசிக்காத ஒன்றிரண்டு அதில் கட்டாயம் இருக்கும். வெள்ளியங்கிரித் தாளை எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள். திரும்பும் நேரம் எத்தனை மணி போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.